அத்தை தாமரை தேடிய வருஷம்

போன வாரம் நம் பள்ளித் தோழிகள் குழுவில் ஒருத்தி ஒரு கேள்வி போட்டிருந்தாள், பார்த்திருப்பீர்கள். புது வீட்டுத் தோட்டத்தில் ஆசையாக ஒரு சின்னக் குளம் கட்டியிருக்கிறாளாம். தாமரை, அல்லி வைக்க வேண்டும், செடி எங்கே கிடைக்கும், கிழங்கு நல்லதா விதை நல்லதா என்று கேட்டிருந்தாள். நான் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் பதில்கள் குவிந்துவிட்டன. வானூர் பக்கம் போனால் நர்சரி நர்சரியாக இருக்கிறது, அள்ளிக்கொண்டு வா என்றாள் ஒருத்தி. போனிலேயே விதை வாங்கலாம், வாசலுக்கு வரும் என்றாள் இன்னொருத்தி. அதெல்லாம் ஏமாற்று, நான் வாங்கி ஊறவைத்தேன், தண்ணீர் நாறியதுதான் மிச்சம் என்றாள் வேறொருத்தி. எப்போதும் போல ஒருத்தி தாமரைப் படத்தோடு காலை வணக்கம் அனுப்பியிருந்தாள். கேட்டது செடி, கிடைத்தது வணக்கம்.

நானும் பதில் எழுத உட்கார்ந்தேன். தாமரை விதையை அப்படியே தண்ணீரில் போட்டால் முளைக்காது, மேல் ஓட்டைத் தேய்த்துவிட்டுப் போட வேண்டும் என்று அடித்தேன். அடித்ததை அழித்தேன். மறுபடி அடித்தேன். அந்த ஒரு வரியை அனுப்ப எனக்குக் கை வரவில்லை. அது ஏன் என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன். நீளமாக இருக்கிறதென்று திட்டாதீர்கள். இந்த வயதில் நாம் எல்லோருமே நீளமாகத்தான் பேசுகிறோம்.

அந்த வருஷம் நான் ஐந்தாம் வகுப்பு. திண்டிவனத்தில் ஏரிக்குப் போகிற வழியில் எங்கள் வீடு. வேர்க்கடலையை நாம் மல்லாட்டை என்போமே, அப்பா அந்த மல்லாட்டை மண்டியில் கணக்கு எழுதினார். அறுவடைக் காலத்தில் அவர் சட்டை, தலைமுடி, ஏன், அவர் சாப்பிட்டு எழுந்த இடத்தில்கூட மல்லாட்டைத் தோலின் தூசி வாசனை வரும். தாத்தா, ஆயா இரண்டு பேரும் நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார்கள். அதனால் அத்தையைப் படிக்கவைத்தது, நகை போட்டது, விழுப்புரத்தில் பார்த்துக் கட்டிக்கொடுத்தது எல்லாம் அப்பாதான். அப்பாவுக்கு ஒரே தங்கை அவள்.

வைகாசியில் கல்யாணம். ஆடிக்கு அத்தையை அழைத்து வந்தார்கள். புதுப்பெண்ணை ஆடி மாதம் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதும், ஆவணி பிறந்ததும் கொண்டுபோய் விடுவதும் முறை. ஆவணி பிறந்தது. அத்தை கிளம்பவில்லை. இன்று கிளம்புவாள், நாளை கிளம்புவாள் என்று அம்மா பலகாரம் சுட்டுச் சுட்டு வைத்தாள். அந்தப் பலகாரத்தை எல்லாம் நான்தான் தின்றேன்.

அத்தை முழங்கை வரைக்கும் மூடுகிற ரவிக்கைதான் போடுவாள். கிணற்றடியில் அவளுக்கு முதுகு தேய்த்துவிடும்போது கையில் நீலமும் பச்சையுமாகக் கன்றியிருந்ததைப் பார்த்து என்ன அத்தை என்று கேட்டேன். கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். விழுப்புரத்து வீட்டில் கதவுகள் ரொம்பப் பொல்லாதவை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். அவர் வாயிலிருந்து வந்தது ஒரே பேச்சுதான்: "சின்னஞ்சிறுசுங்க. போகப் போகச் சரியாப் பூடும்."

போகப் போக என்றால் எவ்வளவு தூரம் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

கடைசியில் மாமா வீட்டாரிடம் அப்பா ஒரு தவணை வாங்கினார். தை பிறக்கட்டும், பொங்கல் முடிந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று. அத்தைக்குக் கிடைத்த அவகாசம் அவ்வளவுதான்.

கொல்லையில் எருமைக்குத் தண்ணீர் காட்டும் சிமெண்டுத் தொட்டி ஒன்று இருந்தது. எருமையை விற்றாகிவிட்டது. தொட்டியில் சருகும் தவளையும்தான். ஒருநாள் அத்தை அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அண்ணி, இந்தத் தொட்டிய நான் எடுத்துக்கட்டுமா?"

"எருமையே பூட்ச்சு, தொட்டிய வெச்சிக்கினு நான் இன்னா பண்ணப் போறேன்? எடுத்துக்கோ. கொசு வந்துச்சுன்னா உன்னத்தான் கேப்பேன்."

அன்றைக்கு அம்மா நல்ல மனநிலையில் இருந்தாள். அம்மாவைக் கெட்டவளாக்கி எழுதுவது எனக்குச் சுலபம், ஆனால் அது பொய். நாத்தனாரை உட்காரவைத்துச் சோறு போட்டவள் அவள். ஊர் கேட்ட கேள்விக்கெல்லாம் தலைவலி, காய்ச்சல் என்று காரணம் சொல்லி அலுத்தவளும் அவள்தான்.

அத்தை தொட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ஏரியிலிருந்து வண்டல் அள்ளி வந்து அடியில் பரப்பினாள். எதற்கு என்று கேட்டால் சிரித்தாள். பிறகு ஒரு சாயங்காலம் என் தலையில் பேன் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஏன்டி, நம்ம பெருமாள் கோயிலுக்குத் தாமரை எங்கேருந்து வருது?"

"விழுப்புரத்துலேருந்துதான். பஸ்ல வரும்."

"அத நாமளே வளத்துக் குடுத்தா?"

"குடுத்தா?"

"குடுத்தா, என் கைச்செலவுக்கு ஆவும். உங்கப்பாவுக்குப் பாரமா இருக்க மாட்டேன். அப்புறம் எதுக்கு என்னத் தொரத்தணும்? தைக்குள்ள ஒரு பூவாச்சும் காட்டிட்டா, அண்ணன் யோசிப்பாருடி."

ஒரு எருமைத் தொட்டியில் எத்தனை தாமரை பூக்கும், அதை வைத்து ஒரு பெண் எத்தனை நாள் சாப்பிட முடியும் என்று எனக்கு இன்று தெரியும். அன்று தெரியாது. அத்தைக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் வேறு எதைப் பிடித்துக்கொள்வது? அவளுக்குத் தை மாதத்துக்கு முன்னால் ஒரு பூ வேண்டும். எனக்கு அத்தை வேண்டும். அப்படி ஆரம்பித்தது எங்கள் தேடல்.

முதலில் பக்கத்திலிருந்த ஏரி. அங்கே மிதந்தது எல்லாம் ஆகாயத்தாமரைதான். ஊதா நிறத்தில் பூத்து, பார்க்க ராணி மாதிரி இருக்கும். நான் பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கி ஒரு வாளி நிறைய வாரிக்கொண்டு வந்தேன். பேரில் தாமரை இருக்கிறதே, போதாதா? அடுத்த மாதத்துக்குள் அது தொட்டியை அடைத்துக்கொண்டு, கரை தாண்டி, துணி துவைக்கிற கல் வரைக்கும் தொங்கியது. கொசுவும் வந்தது. அம்மா சொன்னபடியே கேட்டாள்.

அத்தை கை நிறையப் பிடுங்கிக் குப்பையில் எறிந்துகொண்டே, "வந்துச்சாம், குந்திக்கிச்சாம், போவ மாட்டேன்னுதாம் பாரு" என்று சிரித்தாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அடுத்து அப்பா வழியாக ஒரு முயற்சி. மண்டி வேலையாக அவர் விழுப்புரம் போவார். ஜங்ஷன் பக்கம் பூக்கடைகளில் தாமரை மொட்டுக் கட்டுக் கட்டாக இருக்கும். இந்தப் பக்கத்தில் தாமரைக்கு அதுதான் இடம். எந்த ஊரில் தாமரை கிடைக்குமோ அந்த ஊருக்குள் அத்தை கால் வைக்க முடியாது. அதனால் என்னை விட்டுச் சொல்லச் சொன்னாள். "அப்பா, வேரோட வேணும்" என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் ஒரு கட்டு மொட்டு வாங்கி வந்தார், நீளக் காம்போடு.

"வேருன்னா எவன் குடுப்பான்? காம்பு இவ்ளோ நீளம் இருக்குதே, சேத்துல சொருகு, புடிச்சிக்கும்" என்றார். முருங்கைக் கிளையை நட்டே பழகியவர் அவர்.

அத்தையும் நானும் சொருகினோம். கொஞ்ச நாள் தொட்டியில் தாமரை நின்றது. தெருப் பெண்கள் வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கறுத்து, குழைந்து, தலை சாய்ந்தது. அந்த அழுகல் வாசனை இன்றும் என் மூக்கில் இருக்கிறது. ஆனால் அப்பா வாங்கி வந்தாரே, அது அவருக்கு அவருடைய தங்கை மேல் இருந்த பிரியம்தான். அந்தப் பிரியத்துக்கு வேர் இல்லாமல் போனதுதான் கஷ்டம்.

கார்த்திகை சோமவாரத்தில் பனமலைக் கோயிலுக்குப் போகலாம் என்று அத்தை கேட்டாள். கோயில் என்றதும் அம்மா உடனே சரி என்றாள். வேண்டிக்கொண்டு வந்தால் மாமாவுக்கு நல்ல புத்தி வரும் என்று அவள் கணக்கு. என்னைத் துணைக்கு அனுப்பினாள். ஐந்தாம் வகுப்புப் பெண்தான் துணை.

மலைமேல் சாமியைக் கும்பிட்ட கையோடு ஏரிக்கு இறங்கினோம். மழை பெய்து ஏரி தளும்பியிருந்தது. தூரத்தில் இலை இலையாகத் தாமரை. நடுவில் ஒருவர் லாரி டியூபில் மிதந்துகொண்டு பூப் பறித்துக்கொண்டிருந்தார். அத்தை கரையில் நின்று கூப்பிட்டாள்.

"அண்ணே, கெழங்கு ஒண்ணு புடுங்கித் தர்றீங்களா?"

"கெழங்கா? ஏலம் எடுத்தவரு என் தோல உரிச்சிடுவாரும்மா. பூ வேணும்னா வாங்கிக்கினு போ."

"பூ வேணாம்ண்ணே. செடிதான் வேணும். வீட்ல வெக்கறதுக்கு."

"வீட்லயா? தாமரைய எவனாச்சும் வீட்ல வெப்பானா?" என்று சிரித்தவர், எங்கள் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, டியூபிலிருந்து காய்ந்துபோன தாமரைக் காய்கள் சிலவற்றை எடுத்துக் கரையில் வீசினார். "வெத இருக்குது உள்ள. மொளச்சா மொளைக்கட்டும். இல்லாட்டி பாப்பாவுக்குப் பல்லாங்குழி ஆட ஆவும்."

ஷவர் மூடி போல ஓட்டை ஓட்டையாக இருக்கும் அந்தக் காயை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வரும். பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அதை ஆட்டிக்கொண்டே வந்தேன். அத்தை வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டு வந்தாள். அத்தை பாடி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

விதைகள் கறுப்பாக, வழவழவென்று, கல் போல இருந்தன. டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைத்தோம். கார்த்திகை போய் மார்கழி வந்தது. விதைகள் போட்டபடியே கிடந்தன. அத்தை தினம் காலையில் டம்ளரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பாள். பார்த்துவிட்டுக் கீழே வைப்பாள். வாசலில் கோலத்தின் நடுவில் பூசணிப்பூ வைக்கும்போதெல்லாம் தைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணுவேன்.

முளைக்கவைத்தது என் விளையாட்டுதான். சூட்டுக்கொட்டை விளையாட்டு உங்களுக்கு மறந்திருக்காது. கொட்டையைத் தரையில் பரபரவென்று தேய்த்து, பக்கத்தில் இருப்பவள் தொடையில் வைத்தால் அலறுவாளே, அதுதான். நம்மில் பலர் தொடையில் நானே வைத்திருக்கிறேன். கொட்டை கிடைக்காத ஒருநாள் டம்ளரிலிருந்து ஒரு தாமரை விதையை எடுத்துத் தேய்த்தேன். நன்றாகச் சுட்டது. ஒரு பக்கம் தேய்ந்து உள்ளே வெள்ளை தெரிந்தது. அம்மா கூப்பிடவும் பயந்து டம்ளரிலேயே போட்டுவிட்டு ஓடினேன். சில நாளில் அந்த ஒரு விதை மட்டும் உப்பி, வெடித்து, பச்சையாக ஒரு மூக்கை நீட்டியது.

அத்தை என்னைத் தூக்கிச் சுற்றினாள். "நீ தேச்சியாடி? தேச்சாத்தான் தண்ணி உள்ள போவுது! ஐயோ என் கண்ணு!" அன்றிலிருந்து மற்ற விதைகளையும் தேய்ப்பது என்று முடிவானது. தரையில் தேய்த்தால் விதை வழுக்கி ஓடுகிறது. அத்தை குழந்தைகளுக்கு மருந்து உரசும் கல்லை எடுத்துக்கொண்டாள். ஜாதிக்காய், வசம்பு உரசுவோமே, அந்தக் கல். நான் கைக்குழந்தையாக இருந்ததோடு அதற்கு வேலை முடிந்துபோயிருந்தது.

இப்போது சொல்லப் போவது ஒரு காலை நேரத்தில் நடந்தது.

தவணை முடியுமுன்பே மாமாவின் அண்ணன் விழுப்புரத்திலிருந்து வந்துவிட்டார். கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அம்மா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டு, பொங்கலுக்குள் பெண் வராவிட்டால் தம்பிக்கு வேறு ஏற்பாடு செய்வோம் என்று அமைதியாகச் சொன்னார். அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். அத்தை கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கொல்லைக்கு வந்து, தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, கல்லை எடுத்து விதை தேய்க்க ஆரம்பித்தாள். அழுகையை அடக்க அவளுக்கு ஏதாவது வேலை வேண்டும். நான் பக்கத்தில் நின்று தேய்த்த விதைகளை டம்ளரில் போட்டேன். தண்ணீர் கலங்கி வெளுத்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அரளி மரம், மஞ்சள் பூவும் காயுமாக எங்கள் பக்கம் சாய்ந்திருக்கும். நம் பக்கத்தில் புருஷன் வீட்டைவிட்டு வந்த பெண் ஒருத்தி அழுத முகத்தோடு கொட்டையை உரசினால், பார்ப்பவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? பக்கத்து வீட்டு அம்மா துணி உலர்த்த வந்தாள். அத்தை டம்ளரை வழக்கம்போல வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். அந்த அம்மாவுக்கு அது வாய்க்குப் போவதாகத் தெரிந்தது.

"ஐயையோ! அரளி! அரளிய அரைச்சிக் குடிக்குது, ஓடியாங்க!"

அம்மா வந்த வேகத்தில் முளைத்த விதையோடு டம்ளர் பறந்தது. அப்பா அத்தையின் தலைமுடியைப் பிடித்து நிமிர்த்தினார். வாந்தி எடுக்கவைக்க யாரோ சோப்பைக் கரைத்து வந்தார்கள்.

"இல்ல அண்ணி, தாமரை வெத! சத்தியமா தாமரை!" என்று அத்தை கத்தினாள். குடிக்க மாட்டேன் என்று பல்லைக் கடித்தாள். அவள் எவ்வளவு திமிறினாளோ அவ்வளவு உறுதியாக எல்லோரும் நம்பினார்கள். நானும் கத்தினேன். "தாமரைப்பா! பனமலையிலேருந்து எடுத்துக்கினு வந்தோம்! நான்தான் போட்டேன்!" அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமாவின் அண்ணன் காபி டம்ளரோடு கொல்லை வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

மண்டி முதலாளியின் காரில் அவருக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் கொண்டுபோனார்கள். நான் கீழே சிதறியிருந்த விதைகளைப் பொறுக்கிப் பாவாடையில் முடிந்துகொண்டு கூடவே ஏறினேன். டாக்டரிடம் காட்டினால் போதும், படித்தவர், உடனே சொல்லிவிடுவார் என்று எனக்குத் தைரியம். அங்கே நர்ஸம்மாவிடம் முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன்.

"அடிப்பாவி, வெஷத்த மடியில கட்டிக்கினு வந்திருக்குதே இந்தப் பொண்ணு!" என்று பிடுங்கிக்கொண்டாள்.

"வெஷம் இல்லக்கா, தாமரை. சாப்புடலாம்."

"பேசாம இருடி."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. முன்பே தேய்த்துப் போட்டதில் ஊறி, பாவாடையில் ஒட்டியிருந்த ஒரு விதையை எடுத்து வாயில் போட்டுக் கடித்தேன். நான் தின்றும் சாகாமல் நின்றால் நம்பித்தானே ஆக வேண்டும்? தாமரை விதையின் நடுவில் பச்சையாக ஒரு முளை இருக்கும். அது வேப்பிலை போலக் கசக்கும். என் முகம் கோணியது. அந்தக் கோணலைப் பார்த்து நர்ஸம்மா போட்ட கூச்சலில் அப்பா ஓடி வந்தார். அத்தைக்கு அடுத்த கட்டிலில் என்னையும் கிடத்தினார்கள். மூக்கு வழியாகக் குழாய் இறங்கியது. பக்கத்துக் கட்டிலிலிருந்து அத்தை என்னைப் பார்த்தாள். அவளுக்கும் குழாய் இருந்ததால் பேச முடியவில்லை. இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, குழாயால் பாதி, ஆற்றாமையால் பாதி.

சாயங்காலம் வரைக்கும் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாடி சரியாக இருந்தது. ஒன்றும் ஆகாததால் விஷமில்லை என்று யாருக்காவது தோன்றியதா? "நேரத்துக்குக் கொண்டாந்தீங்க, அதான் தப்பிச்சிட்டாங்க" என்றார் டாக்டர். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, போலீஸ் கேஸ் ஆக்கிவிடாதீர்கள் என்று கெஞ்சினார். கேஸ் வேண்டாம் என்றால் இது இங்கே இருக்கக் கூடாது என்று நர்ஸம்மா என் விதைகளைத் தாளில் சுருட்டிக் கொண்டுபோய் எரித்துவிட்டாள். டாக்டர் அதைக் கையில் வாங்கிப் பார்க்கவே இல்லை. அப்பா கெஞ்சாமல் இருந்திருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள். தங்கையின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டுதான் அவர் கெஞ்சினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு அத்தையைப் பார்த்து ஒன்று சொன்னாள். "உனக்கு வாழப் புடிக்கலன்னா, என் புள்ளைக்கும் ஏன் குடுத்த?" இல்லை இல்லை என்று நான்தான் சொன்னேன். அன்றைக்கு அத்தையின் பேச்சு எல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

மறுநாளே அனுப்பிவிட்டார்கள். தவணை, பொங்கல் எதுவும் இல்லை. "என் வீட்ல ஏதாச்சும் ஆயிட்ச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?" என்று அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ் புறப்படும் நேரத்தில் மாமாவின் அண்ணனிடம் அப்பா கைகூப்பினார். "கொஞ்சம் பாத்துக்குங்க. கிட்ட எதையும் வெக்காதீங்க. தனியா வுடாதீங்க." அப்பா அழுதார். அவருக்கு அது தங்கையைக் காப்பாற்றும் பேச்சு. என் காதுக்கோ சிறைக்காரனிடம் சாவியைக் கொடுப்பதாக இருந்தது. அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையாட்டினேன். பஸ் போய்விட்டது.

அப்புறம் அத்தையை விசேஷங்களில்தான் பார்த்தேன். எப்போதும் பக்கத்தில் யாராவது இருப்பார்கள். நான் பெரியவளாகி, வேலைக்குப் போய், கல்யாணமாகி, அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போன பிறகும் அந்தப் பேச்சை அத்தையும் நானும் எடுத்ததில்லை. அப்பா சாகும் முன் அது தாமரைதான் என்று அவரிடம் ஒருமுறை சொன்னேன். "வுடும்மா, பழைய கதை" என்றார்.

குழுவில் தாமரைக் கேள்வியைப் பார்த்த மறுநாள் மனசு கேட்காமல் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். மாமா போய்ச் சில வருஷம் ஆகிறது. அத்தை மகன் வீட்டில் இருக்கிறாள். மகன் வேலைக்குப் போயிருந்தான். மருமகள் நல்ல பெண். டீச்சர் வேலை, குழந்தைக்காக லீவில் இருக்கிறாள். பாத்ரூம் கழுவுகிற பாட்டில்களைக்கூட அவள் பரணில் பூட்டி வைத்திருந்ததைப் பார்த்து ஏன் என்று கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அத்தைக்கு முன்னாடி ஒருவாட்டி அந்த மாதிரி ஆச்சாமே அக்கா. உங்களுக்குத் தெரியாததா? உங்களுக்கும் குடுத்துட்டாங்களாமே. வயசாயிட்டா மறுபடி அந்த எண்ணம் வரும்னு சொல்றாங்க."

என்னால் தாங்க முடியவில்லை. அத்தை எதிரிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டி, பனமலை, டியூப், சூட்டுக்கொட்டை, பச்சை மூக்கு எல்லாம். "அது தாமரை வெதம்மா. கூடவே நின்னவ நான். அரளி இல்ல." மருமகள் அத்தையைத் திரும்பிப் பார்த்தாள்.

அத்தை சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அரளிதான்" என்றாள். "இவளுக்கு இன்னா தெரியும்? சின்னப் புள்ள."

மருமகள் என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்துவிட்டு, காபி போட உள்ளே போனாள். நான் அத்தையின் கையைப் பிடித்தேன்.

"ஏன் அத்தே? ஏன் இப்டி சொல்றீங்க?"

"மெதுவாப் பேசு" என்றாள். "திரும்பிப் போன பத்தாம் நாளே உங்க மாமா கை ஓங்கினாரு. 'அடிங்க, இந்தக் கொல்லையிலயும் அரளி இருக்குது, இந்தவாட்டி யாருக்கும் தெரியாமக் குடிப்பேன்'னேன். ஓங்குன கை அப்டியே நின்னுச்சு. அவங்க அண்ணன் கண்ணால பாத்தவரு இல்ல? எல்லாரும் பயந்தாங்க. அப்புறம் அவரு சாவுற வரைக்கும் என்னத் தொட்டு அடிக்கல. அந்த ஒண்ணத்தான் வெச்சிக்கினு காலம் தள்ளினேன். அதப் போயி தாமரைன்னு சொல்லச் சொல்றியா?"

"இப்பதான் மாமா இல்லியே அத்தே. இப்பவாச்சும் சொல்லலாமே."

"சொல்லிப் பாத்தேன். எம் புள்ள பள்ளிக்கூடம் போறப்பவே அவன்கிட்ட சொல்லிப் பாத்தேன். நம்பல. நானே சொல்லிச் சொல்லி ஊறவெச்சது, நான் சொன்னா மட்டும் போயிடுமா?" மருமகள் வருகிறாளா என்று உள்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "சில நாளு எனக்கே சந்தேகமாத்தான் இருக்குது. அரளியாத்தான் இருக்குமோன்னு."

அன்றைக்கு அந்தக் கொல்லையில் உண்மை தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தோம். இப்போது நான் ஒருத்திதான்.

உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டது. மருமகள் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, திரும்பப் போய்க் குழந்தையைத் தூக்கி வந்தாள். ஒரு வயசுப் பேத்தி. தூக்கம் கலைந்து சிணுங்கிக்கொண்டிருந்தது. பாட்டியைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு தாவியது. அத்தை இரண்டு கையையும் நீட்டினாள்.

"மாடியில துணி காயுது, மழை வர்ற மாதிரி இருக்குது" என்று மருமகள் என் பக்கம் திரும்பினாள். "நான் போயி எடுத்துக்கினு வர்ற வரைக்கும் நீங்க கொஞ்சம் புள்ளைய வெச்சிக்கிறீங்களா அக்கா?"

குழந்தையை என் மடியில் உட்காரவைத்துவிட்டுப் படியேறிப் போனாள். அத்தை நீட்டிய கைகளை மெதுவாக இறக்கி, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். அவள் எட்டித் தொடும் தூரத்தில்தான் குழந்தை இருந்தது. "இந்தாங்க அத்தே" என்று அவளிடம் நீட்டினேன்.

"வேணாம்" என்றாள். "அவ வந்துடட்டும்."